ராத்திரி கைப்பேசியை அணைப்பதா, போட்டே வைப்பதா?

இந்தக் கேள்வியை எங்கள் பினாங்கில் யாரிடம் கேட்டாலும் இரண்டு பதிலில் ஒன்று வரும். "அணைச்சிடு, ரேடியேஷன் மூளைக்கு ஆகாது" என்பார்கள் ஒரு சாரார். "ஐயோ, அணைக்காதே, ராத்திரி வீட்டுல ஒண்ணுன்னா உன்னை எப்படிக் கூப்பிடுறது" என்பார்கள் மற்றவர்கள். இரண்டுமே அக்கறையில் வரும் பேச்சுதான். ஆனால் முழுக்க அணைப்பதற்கும் அப்படியே தலைமாட்டில் போட்டு வைப்பதற்கும் நடுவில் இன்னும் சில வழிகள் இருக்கின்றன, அவற்றைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதான அப்பா அம்மா வேறு வீட்டிலோ வேறு ஊரிலோ இருப்பவர்கள் ராத்திரியில் போனை அணைக்கக் கூடாது. அதே நேரம் அந்தப் போன் படுக்கையறைக்குள்ளும் இருக்கக் கூடாது. ஹாலில், சத்தம் முழுசாக வைத்து, வேண்டியவர்கள் கூப்பிட்டால் மட்டும் அடிக்கிற மாதிரி செய்து வைக்க வேண்டும். அணைக்கலாம் என்று நான் சொல்லக்கூடியவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கதிர்வீச்சு பயத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பலர் அணைப்பதே அதற்காகத்தான். "இன்று இரவு 12:30 முதல் 3:30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமிக்குப் பக்கத்தில் கடந்து போகின்றன, போனை அணைத்து உடம்பை விட்டுத் தள்ளி வையுங்கள், சிங்கப்பூர் டிவியில் சொன்னார்கள், நாசாவும் பிபிசியும் சொல்லியிருக்கின்றன" என்று ஒரு செய்தி பல வருடங்களாகக் குடும்பக் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதில் தேதி இருக்காது, வெறும் "இன்று இரவு" என்றுதான் இருக்கும், அதனால்தான் அது செத்துப் போவதில்லை. காஸ்மிக் கதிர்கள் பகல், ராத்திரி என்று பார்க்காமல் எந்நேரமும் வந்துகொண்டுதான் இருக்கின்றன, அவற்றில் பெரும்பகுதியைக் காற்றுமண்டலம் தடுத்துவிடுகிறது, நம் கையில் இருக்கும் போன் எரிகிறதா அணைந்திருக்கிறதா என்பதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை அனுப்பும் அத்தையையோ மாமாவையோ குழுவில் வைத்துத் திட்டாதீர்கள், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், கேட்பார்கள்.

போனே வெளியிடும் ரேடியோ அலை வேறு விஷயம். அது அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்கிற வகைக் கதிர் இல்லை, எக்ஸ்ரே மாதிரி மரபணுவைச் சேதப்படுத்தும் சக்தி அதற்குக் கிடையாது. யாரோடும் பேசாமல் சும்மா கிடக்கும் போன் அவ்வப்போது கோபுரத்தோடு தொடர்புகொண்டு தான் இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும், மற்ற நேரத்தில் பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கும். 2011-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இந்த அலைகளை "2பி" பிரிவில் சேர்த்தது உண்மை, அதாவது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்பதற்குக் கொஞ்சம் ஆதாரம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்ற பிரிவு. கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. பிறகு உலகச் சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் 2024-இல் வந்த பெரிய மறுஆய்வு, கைப்பேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்றே முடித்தது. இவ்வளவு சொல்லியும் மனசு கேட்கவில்லை என்றால் தள்ளி வையுங்கள், அது போதும். தலையிலிருந்து பத்து சென்டிமீட்டரில் இருப்பதை ஒரு மீட்டருக்கு நகர்த்தினால் நம் மேல் விழுவது ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அணைத்துத்தான் ஆக வேண்டும் என்ற அவசியமே இல்லை.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம்.

முழுசாக அணைப்பதில் ஒரு நல்லது இருக்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன். அணைந்த போனைப் பாதித் தூக்கத்தில் எடுத்தால் அது எழுந்து வர அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஆகும், அந்தக் கொஞ்ச நேரத்திலேயே "வேண்டாம், படுப்போம்" என்று தோன்றிவிடும். ஆனால் இரண்டு சிக்கல் உடனே வருகிறது. ஒன்று அலாரம். பழைய நோக்கியாவை அணைத்து வைத்தாலும் அலாரம் நேரத்துக்குத் தானே எழுந்து அடிக்கும். இப்போதைய ஐபோன் அடிக்காது, ஆண்ட்ராய்டில் ஒரு சில மாடல் அடிக்கும், பல அடிக்காது. வெளிச்சம் வந்ததும் விழித்துக்கொள்ளலாம் என்று நினைக்க நம் ஊரில் வழியே இல்லை. 1982 தொடங்கும்போது தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளினார்கள், அதிலிருந்து இங்கே பொழுது விடிய ஏழு மணிக்கு மேல் ஆகிவிடுகிறது. பள்ளி பஸ் வாசலில் வந்து நிற்கும்போது இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். சுபுஹ் தொழுகைக்குச் செயலியில் பாங்கு வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் வீடுகளுக்கும் இதே கதைதான், போன் அணைந்திருந்தால் பாங்கும் இல்லை. அணைத்துத்தான் படுப்பேன் என்றால் 20 வெள்ளிக்குள் (ரிங்கிட்) ஒரு மேசைக் கடிகாரம் வாங்கி வைத்துவிடுங்கள், அதோடு அலாரம் கவலை தீர்ந்தது.

இரண்டாவது சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. போனை அணைத்துத் திரும்பப் போட்ட பிறகு ஒரு முறையாவது கடவு எண்ணை அடித்துத் திறந்தால்தான் அது முழுசாக விழிக்கும். சியோமி, ஓப்போ, விவோ மாதிரி சில போன்களில் குறிப்பிட்ட நேரத்துக்குத் தானே அணைந்து தானே எழும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு விடிகாலையில் எழுந்துகொண்டது என்று நிம்மதியாக இருப்பார்கள். திறக்காத வரைக்கும் வாட்ஸ்அப் செய்தி வராது, சாதாரண அழைப்பு வந்தாலும் பெயர் தெரியாமல் வெறும் எண் மட்டும் தெரியும், அதுவும் பல மாடலில்தான். தெரியாத எண் என்று நாம் எடுக்காமல் விட்டுவிடுவோம், அந்தப் பக்கம் கூப்பிட்டது நம் தம்பியாக இருக்கும்.

ஃபிளைட் மோடில் அலாரம் அடிக்கும், அந்த வகையில் அணைப்பதைவிடத் தேவலை. ஆனால் அவசரத்துக்குக் கூப்பிடுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான், லைன் கிடைக்காது. வைஃபையை மட்டும் திரும்பப் போட்டுக்கொண்டு ஃபிளைட் மோடில் வீடியோ பார்த்துக்கொண்டே படுப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் தூக்கமும் போய்விடும், சாதாரண அழைப்பு வரும் என்றும் நம்பியிருக்க முடியாது.

இருப்பதிலேயே மோசமானது, நம்மில் அநேகம் பேர் செய்கிற வேலைதான்: சைலன்டில் போட்டுத் தலையணைக்குப் பக்கத்தில் வைப்பது. முக்கியமான அழைப்பு வந்தால் காதில் விழாது. முக்கியமில்லாத செய்திக்கெல்லாம் திரை பளிச்சென்று எரியும், மெத்தையில் கிடந்தால் அதிர்வு உடம்புக்கே தெரியும். ராத்திரி ஒரு முறை தண்ணீர் குடிக்க எழுந்தால் கை தானாக அதைத் தேடும். அணைப்பதில் கிடைக்கும் அமைதியும் இல்லை, போட்டு வைப்பதில் கிடைக்கும் பாதுகாப்பும் இல்லை. இந்த ஒரு பழக்கத்தை மட்டும் விட்டால் போதும், இந்தக் கட்டுரையில் மற்ற எதையும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை.

நான் சொல்ல வருவது போன் அமைப்பில் இருக்கும் "டூ நாட் டிஸ்டர்ப்" (தொந்தரவு செய்யாதே) வசதி. பெயரைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அடைத்துவிடும் என்று பயப்படுகிறார்கள், அப்படியில்லை. ராத்திரி பத்தரையிலிருந்து காலை ஐந்தரை வரை தானாகவே வேலை செய்யும்படி ஒரு முறை வைத்துவிட்டால் போதும். வாட்ஸ்அப், பேஸ்புக், ஷோப்பி விளம்பரம் எல்லாம் சத்தமில்லாமல் வந்து கிடக்கும். அலாரம் வழக்கம்போல அடிக்கும், ஆண்ட்ராய்டில் மட்டும் அலாரத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் யார் கூப்பிட்டால் அடிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போடலாம். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், வெளியூரில் படிக்கும் பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர். பக்கத்து வீட்டுக்காரரை மறக்காதீர்கள், உங்கள் அம்மா தாமான் குடியிருப்பில் தனியாக இருந்தால் அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். அவர் தமிழரோ சீனரோ மலாய்க்காரரோ, ஒன்று நடந்தால் முதலில் பார்க்கப் போவது அவர்தான்.

பட்டியலில் இல்லாதவருக்கும் ஒரு வழி உண்டு. ஒரே எண்ணிலிருந்து அடுத்தடுத்து இரண்டு முறை அழைப்பு வந்தால் இரண்டாவது அழைப்பை மட்டும் சத்தத்தோடு விடும். ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள், ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடத்துக்குள் கூப்பிட வேண்டும். இந்த வசதி போடப்பட்டிருக்கிறதா என்று அமைப்பில் போய்ப் பார்த்துவிட்டு, உறவுக்காரர்களிடம் வெளிப்படையாகவே சொல்லி வையுங்கள்: "ராத்திரி அவசரம்னா ரெண்டு தடவை அடிங்க, வாட்ஸ்அப்ல இல்ல, சாதாரணமா அடிங்க." வாட்ஸ்அப் அழைப்பு இதே மாதிரி எல்லாப் போனிலும் கடந்து வரும் என்று நம்பியிருக்க முடியாது. இன்னொன்று, வைஃபை போனாலும் மின்சாரம் தடைப்பட்டாலும் சாதாரண அழைப்பு பெரும்பாலும் வந்துவிடும்.

ஆஸ்பத்திரி விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ராத்திரி போன் என்றாலே நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். பெரியாஸ்பத்திரியில் வீட்டு ஆள் ஒருவர் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வையாளர் நேரம் முடிந்ததும் நம்மை அனுப்பிவிடுவார்கள், போகும்போது நர்ஸ் நம் எண்ணை எழுதி வாங்கிக்கொள்வார். நடு ராத்திரி நிலைமை மாறினால், அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்து வேண்டும் என்றால், வார்டிலிருந்துதான் கூப்பிடுவார்கள். அந்த அழைப்பு 04 என்று தொடங்கும் லேண்ட்லைன் எண்ணிலிருந்து வரும், அது நம் பட்டியலில் இருக்காது, பெயரும் தெரியாது. அதனால் ஆளைச் சேர்த்த அன்றைக்கே வார்டு கவுன்டரில் எண்ணைக் கேட்டு, "வார்டு" என்று பெயர் போட்டுச் சேமித்து, பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஆஸ்பத்திரி தொலைபேசி நிலையம் வழியாக வரும் அழைப்பு வேறு எண்ணைக் காட்டலாம், ஆகவே நோயாளி வீடு திரும்பும் வரை டூ நாட் டிஸ்டர்பையே எடுத்துவிட்டு எல்லா அழைப்பும் அடிக்கும்படி வைப்பது இன்னும் நல்லது. சில ராத்திரி தூக்கம் கெடும், கெடட்டும். ஒருவர் போன் மட்டும் என்று இல்லாமல் வீட்டில் இன்னொருவர் எண்ணையும் நர்ஸிடம் கொடுத்து வையுங்கள்.

இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்கள் வீட்டிலும் இதேதான். மலேசியாவில் மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடையே அந்த நோய் அதிகம் என்பது நமக்கெல்லாம் தெரியும். இன்சுலின் போடுகிறவருக்கு ராத்திரி தூக்கத்தில் சர்க்கரை இறங்கிவிடுவது சாதாரணமாக நடக்கக்கூடியது, வேர்த்து, நடுங்கி, பேச்சு குழறும். தனியாக இருக்கும் அம்மாவால் அந்த நிலையில் ஒரே ஒரு எண்ணைத்தான் அழுத்த முடியும், அது அவசர உதவி எண்ணான 999 ஆக இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் மகனையோ மகளையோதான் அழுத்துவார். அந்த ஒரு அழைப்புக்காகத்தான் நான் அணைக்க வேண்டாம் என்று இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன்.

பினாங்குக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2017 நவம்பர் 4-ஆம் தேதி சனிக்கிழமை பிடித்த மழையும் காற்றும் ராத்திரி முழுக்க விடவில்லை. ஜாலான் பி. ராம்லி பக்கமெல்லாம் லேசான மழைக்கே தண்ணீர் நிற்கும் இடம், அன்றைக்கு அதுவரை தண்ணீரே பார்க்காத வீடுகளுக்குள்ளும் வெள்ளம் நுழைந்தது. விடிகாலை மூன்று மணிக்கு அப்போதைய முதல்வர் லிம் குவான் எங், துணைப் பிரதமருக்குப் போன் போட்டு ராணுவத்தை அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டிய நிலைமை. மாநிலத்தின் முதல்வரே மூன்று மணிக்குப் போனை எடுத்த ராத்திரி அது. அந்த நேரத்தில் மேட்டில் இருந்தவர்கள் தாழ்வான இடத்தில் இருக்கும் சொந்தக்காரர்களை எழுப்பப் போன் போட்டபடி இருந்திருப்பார்கள், அணைத்து வைத்திருந்தவர் வீட்டில் தண்ணீர்தான் அவரை எழுப்பியிருக்கும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வந்த வெள்ளத்தையும் நாம் பார்த்தோம், மாடியிலும் கூரையிலும் சிக்கியவர்களுக்குப் போன் ஒன்றுதான் வெளி உலகத்தோடு இருந்த தொடர்பு, அதன் பேட்டரி தீரத் தீர அந்தத் தொடர்பும் அறுந்தது. எங்கள் பக்கம் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரைதான் மழை கனமாக இருக்கும். அந்த மாதங்களில் தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் போனை முழு சார்ஜில், சத்தத்தோடு வைத்துப் படுங்கள். இதில் நான் எந்த விட்டுக்கொடுப்பும் செய்ய மாட்டேன்.

தூக்கத்துக்கு வருவோம், அணைக்கச் சொல்பவர்கள் பக்கம் உள்ள நியாயம் இங்கேதான் இருக்கிறது. திரையின் நீல வெளிச்சம், தூக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்யும் மெலடோனின் சுரப்பதைத் தள்ளிப்போடும். ஆனால் வெளிச்சத்தைவிட நாம் பார்க்கும் விஷயம்தான் அதிகம் கெடுக்கிறது என்பது என் எண்ணம். மஞ்சள் நிறத் திரை போட்டுக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு அரசியல் சண்டை படித்தால் எந்த மஞ்சள் நிறமும் காப்பாற்றாது. வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும், ஐந்தரைக்கு எழுகிற ஊரில் அதற்குப் பத்தரைக்கே கண் மூட வேண்டும். இதோடு தமிழ்நாட்டு நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதும் சேர்ந்துகொள்கிறது. அங்கே ராத்திரிச் சாப்பாடு முடிந்து பத்து மணிக்குச் சாவகாசமாக வாட்ஸ்அப்பைத் திறப்பார்கள், இங்கே அப்போது பன்னிரண்டரை. தஞ்சாவூர் சித்தப்பா மேல் எந்தத் தப்பும் இல்லை, அவருக்கு அது பேசுகிற நேரம். இந்த மாதிரிச் செய்திகள் ஹாலில் சத்தமில்லாமல் வந்து கிடந்தால் காலையில் பசியாறும்போது நிதானமாகப் பதில் போடலாம்.

அதனால்தான் அமைப்பு மட்டும் போதாது, இடமும் முக்கியம் என்கிறேன். டூ நாட் டிஸ்டர்ப் போட்டுவிட்டு அதே போனைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு உருட்டிக்கொண்டிருந்தால் என்ன பயன்? ஹாலில் டிவிக்குப் பக்கத்திலோ சாமி மேடைக்குக் கீழே உள்ள அலமாரியிலோ ஒரு இடம் ஒதுக்குங்கள். மணிச் சத்தத்தை முழுசாக ஏற்றி, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, ஏர்கானோ காற்றாடியோ ஓடும்போது காதில் விழுகிறதா என்று வீட்டில் ஒருவரை விட்டு அடிக்கச் சொல்லிப் பாருங்கள். விழவில்லை என்றால் அறை வாசலுக்கு நகர்த்துங்கள். அலாரம் அடித்தால் எழுந்து நடந்து போய்த்தான் நிறுத்த வேண்டும், அதுவும் நல்லதுதான்.

பேட்டரிக்காக அணைக்கிறேன் என்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்: மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. சும்மா கிடக்கும் நல்ல போன் ஒரு ராத்திரிக்குச் சில சதவீதம்தான் இழக்கும், முழு சார்ஜுக்கே மின்கட்டணம் ஒரு சென் அளவுதான் வரும். லித்தியம் பேட்டரியைத் தேய வைப்பது சூடும், நூறு சதவீதத்திலேயே மணிக்கணக்காக நிற்பதும். முழுசானதும் போன் தானே சார்ஜை நிறுத்திக்கொள்ளும், அளவுக்கு மேல் ஏறி வெடிக்கும் என்ற பயம் வேண்டாம். 2019-இல் ஐஓஎஸ் 13 வந்ததிலிருந்து ஐபோன் எண்பது சதவீதத்தில் காத்திருந்து நாம் எழும் நேரத்துக்குச் சரியாக முழுசாக்கிக்கொள்கிறது, சாம்சங்கிலும் மற்றதிலும் இதே மாதிரி பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது, தேடிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் சார்ஜ் செய்யும் விதம் முக்கியம், இது உயிர் விஷயம். இணையத்தில் மலிவாக வாங்கிய இரண்டு முள் சார்ஜரை நம் மூன்று துளை பிளக்கில் செருக, மேல் துளையில் பேனாவை விட்டு நெம்பி, மூடி திறந்ததும் அழுத்திவிடுகிறோம், எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். அது சரியாகப் பிடிக்காது, லூசாக ஆடும், ஆடும் இடத்தில் பொறி பறக்கும், சூடேறும். அந்தச் சார்ஜரோடு போன் ராத்திரி முழுக்கத் தலையணைக்கடியில் கிடந்தால், சூடு வெளியேறப் பஞ்சும் துணியும் விடாது. மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை உள்ள மூன்று முள் சார்ஜர் வாங்குங்கள், மேசை மேல் அல்லது தரை ஓட்டின் மேல் வைத்துச் சார்ஜ் போடுங்கள், மெத்தை, சோபா வேண்டவே வேண்டாம். போன் முதுகு உப்பியிருந்தால் அணைப்பதா வேண்டாமா என்ற கேள்வியே கிடையாது, அணைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டு போங்கள்.

தகவல் திருட்டுக்குப் பயந்து அணைக்கலாமா? இதற்குப் பாதி ஆமாம். 2023 ஜூனில் ஆஸ்திரேலியப் பிரதமர் ஆந்தனி அல்பனீசி, மக்கள் தினமும் ராத்திரி ஐந்து நிமிடம் போனை அணைக்க வேண்டும், பல் துலக்கும்போது செய்துவிடுங்கள் என்று சொன்னார். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையும் வாரம் ஒரு முறை அணைத்துப் போடச் சொல்லியிருக்கிறது. காரணம், சில உளவு நிரல்கள் போனின் தற்காலிக நினைவகத்தில் மட்டும் தங்கும், அணைத்தால் அழிந்துவிடும். கவனியுங்கள், அவர்கள் சொல்வது அணைத்துத் திரும்பப் போடுவதை, விடிய விடிய அணைத்து வைப்பதை அல்ல. நம் ஊரில் ஆட்களைக் கவிழ்ப்பது இந்த உயர் ரக உளவு நிரலும் அல்ல, வாட்ஸ்அப்பில் வரும் கல்யாணப் பத்திரிகை, வேலைக்காரர் முன்பதிவு என்று சொல்லி நாமே தட்டி ஏற்றிக்கொள்ளும் ஏபிகே கோப்புதான், அதாவது ஆண்ட்ராய்டு போனில் செயலியை ஏற்றும் கோப்பு. அது அணைத்துப் போட்டாலும் போகாது. அப்படி ஏதாவது ஏற்றிவிட்டோம் என்று ராத்திரியில் சந்தேகம் வந்தால் உடனே போனை அணையுங்கள், வேறு போனிலிருந்து வங்கியையும் மோசடிப் புகார் எண்ணான 997-ஐயும் கூப்பிடுங்கள். மற்ற நாளில் ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரு தடவை அணைத்துப் போட்டு, கடவு எண்ணை அடித்துத் திறந்துவிட்டால் போதும்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு மேலே சொன்ன மணியெல்லாம் தலைகீழ். காலை ஏழு மணிக்கு முடித்து, பஸ்ஸில் பாலத்தைத் தாண்டி பிறைக்கோ பட்டர்வொர்த்துக்கோ வந்து, ஒன்பது மணிக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுக்கும்போதுதான் ஊரே போன் பேச ஆரம்பிக்கும். பார்சல்காரர், காப்புறுதி விற்பவர், பள்ளிக்கூடம், மோசடிக் கும்பல் எல்லாரும் அந்த நேரத்தில்தான் கூப்பிடுவார்கள். அவர்கள் வெறுத்துப்போய் அணைத்துவிடுகிறார்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் பிள்ளைக்குப் பள்ளியில் காய்ச்சல் என்றால் அழைப்பு வருவதும் அந்த நேரத்தில்தான். அவர்கள் டூ நாட் டிஸ்டர்பைக் காலை எட்டிலிருந்து மாலை மூன்று வரை வைத்து, பள்ளி அலுவலக எண்ணையும் வீட்டாரையும் மட்டும் பட்டியலில் போடட்டும். ஷிப்ட் மாறும்போது நேரத்தையும் மாற்ற வேண்டும், அதற்குத் தனியாக இரண்டு அட்டவணை போட்டு வைத்துக்கொள்ளலாம்.

இனி, யார் அணைக்கலாம்?

பதின்ம வயதுப் பிள்ளைகள் அணைக்கலாம், என்னைக் கேட்டால் அணைக்கவே வேண்டும். அவர்களை ராத்திரி இரண்டு மணிக்கு அவசரமாகத் தேட வேண்டியவர் எல்லாரும் அதே வீட்டில்தான் படுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும், எஸ்பிஎம் தேர்வு வருஷத்தில் அதில் பாதி கூடச் சிலருக்குக் கிடைப்பதில்லை. பத்து மணிக்கு எல்லார் போனும் ஹாலுக்கு வர வேண்டும் என்று வையுங்கள், பிள்ளையுடையது அணைந்த நிலையில், பெற்றோருடையது அடிக்கிற நிலையில். அப்பா போன் மட்டும் அறைக்குள் போனால் இந்த ஏற்பாடு ஒரு வாரம்கூட நிற்காது.

வீட்டில் இன்னொருவர் போன் உயிரோடு இருக்கிறது, அந்த எண் எல்லா நெருங்கிய சொந்தத்துக்கும் தெரியும் என்றால் நீங்கள் தாராளமாக அணைக்கலாம். யூனிஃபை இணையம் போட்டிருக்கும் பல வீடுகளில் கூடவே ஒரு லேண்ட்லைன் எண்ணும் வந்திருக்கும், அந்தப் பெட்டியில் போன் செருகப்படாமலே கிடக்கும். ஒரு சாதாரண மேசைத் தொலைபேசியைச் செருகி, அந்த எண்ணை நாலைந்து பேருக்கு மட்டும் கொடுத்துவிட்டால் கைப்பேசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படுக்கலாம். கரண்ட் போனால் அந்த மோடமும் போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், மழை மாதத்தில் அதை ஒன்றையே நம்பியிருக்க வேண்டாம்.

அப்புறம், தூக்கமின்மைக்கு மருத்துவரிடம் போய்க்கொண்டிருப்பவர்கள், போன் அறைக்கு வெளியே இருந்தாலும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருபவர்கள் அணைத்துப் பார்க்கட்டும். ஆனால் அணைப்பதற்கு முன் அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்குள் ஒரு பேச்சு நடக்க வேண்டும். அம்மாவுக்கு ஒன்று என்றால் ராத்திரி யாருக்கு முதல் அழைப்பு, அவர் எடுக்காவிட்டால் அடுத்தது யாருக்கு என்று முடிவு செய்யுங்கள். அதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, அம்மா வீட்டுச் சுவரில், அவர் கட்டிலில் படுத்தபடியே கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒட்டுங்கள். 999-ஐ மேலே எழுதுங்கள், அதற்குக் கீழே போன் போட்டு வைத்திருக்கும் பிள்ளையின் எண், அதற்குக் கீழே பக்கத்து வீடு. அணைத்துவிட்டுப் படுக்கும் பிள்ளையின் எண் அந்தத் தாளில் இருக்க வேண்டாம்.